சம்பந்தி கை நனைத்த இடம்

உசிலம்பட்டிக்கா? இல்லீங்க சார், வெளியூர் போயிட்டு இந்த பஸ்ஸுல தேனிக்குத் திரும்பறேன். உசிலம்பட்டியில இறங்க வேண்டிய ஆளுதான், ஆனா இறங்கப் போறதில்லை. ஏன்னு மட்டும் கேக்காதீங்க.

சரி, கேட்டுட்டீங்க. சொல்லிடறேன்.

மரியாதை மரியாதைன்னு உசுரை விடுற ஆள் நான் இல்லீங்க. அதை மொதல்ல தெரிஞ்சுக்குங்க. தேனியில பம்ப்செட் கடை வச்சிருக்கேன். கிணத்துக்குள்ள இறங்கி மோட்டாரைத் தூக்குறவனுக்கு என்னங்க மரியாதை? ஆனா எனக்கு வாய்ச்ச சம்பந்தி இருக்காரே, தவமணி வாத்தியாரு, என் மக நாகஜோதியோட மாமனாரு, இந்த உசிலம்பட்டிக்காரருதான். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மனுசன் ரிட்டயர் ஆயிட்டாரு, ஹெட்மாஸ்டரு இன்னும் ஆகலை. அவருக்கு மரியாதையில ஒரு இம்மி குறைஞ்சாலும் ஆகாது.

என் மக கல்யாணத்துல என்ன ஆச்சு? தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணோட அப்பன் போயி, சம்பந்தி கையைப் பிடிச்சு, "வாங்க சம்பந்தி, சாப்பிடுங்க"ன்னு மொத பந்தியில உக்கார வைக்கணும். அதான முறை? நான் இல்லைங்கலையே. ஆனா சரியா அந்த நேரம் பாத்து மண்டபத்துல மோட்டார் நின்னுபோச்சு. ஒரு சொட்டு தண்ணி இல்லை. ஊரே கூடியிருக்கு, கை கழுவத் தண்ணி இல்லைன்னா பொண்ணு வீட்டுக்காரனைத்தான காறித் துப்புவாங்க? நான் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மோட்டார் ரூமுக்குள்ள போயிட்டேன். சம்பந்தியக் கூப்பிட என் மச்சினனை அனுப்பினேன். மச்சினன் யாரு? வேத்தாளா?

நான் கிரீஸ் கையோட வெளிய வர்றேன், என் சம்பந்தி மண்டபத்துக்கு எதுத்தாப்புல இருக்கிற கிளப்புக் கடையில உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருக்காரு. உள்ள ஒரு மேசையில உக்காந்திருந்தாக் கூடப் பரவாயில்லை. வாசல்ல, ரோட்டைப் பாத்து. போற வர்ற சனமெல்லாம் பாக்குது. மாலையக் கூடக் கழட்டலை மனுசன்.

என் மேல ஏதாச்சும் தப்பு இருக்கா சார்? இல்லைல்ல?

அன்னைக்கு இருந்து மூணு வருசம். என் வீட்டுக்கு வருவாரு, உக்காருவாரு, பேப்பர் படிப்பாரு. பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாரு. என் வீட்டுல கை நனைக்கலைங்க. பொண்ணு குடுத்த வீட்டுல சம்பந்தி கை நனைக்கலைன்னா, அந்த உறவு இன்னும் முழுசாகலைன்னு அர்த்தம். ஊர்ல நாலு பேரு கேக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்? ராத்திரி படுத்தா அந்த இட்லிதான் சார் கண்ணுக்குள்ள வரும்.

இப்படி இருக்கையில என் மக சீமையில பிள்ளை பெத்தா. மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. ரெண்டு வீட்டுலயும் பெரியவங்க எல்லாரும் கிளம்பிப் போனோம். பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, ஏர்போர்ட்டுலயே ஒண்ணா உக்காந்து முறுக்கு தின்னுட்டாளுக. நாங்க ரெண்டு பேருந்தான் அந்த வீட்டுல தனித்தனிப் பந்தி. அவரு சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு நான். நான் முந்திக்கிட்டா, அவரு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்குவாரு. பச்ச உடம்புக்காரி என் மக, எத்தனை நாளைக்குப் பாப்பா? பேர் வைக்கிற விசேசத்துக்கு மொத நாள் காலையில ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொல்லிட்டா.

"அப்பா, மாமா, நாளைக்கு ரெண்டு தாத்தாவும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. விசேசமே வேணாம். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடறேன்."

சொல்லிட்டு என் வீட்டுக்காரி கட்டிக் குடுத்த புளிச்சோத்து டப்பாவை என் கையில குடுத்தா. "போங்க, கிராமத்துப் பக்கம் சுத்திப் பாத்துட்டு, இதை ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம் வாங்க"ன்னுட்டா. டப்பா என் வீட்டுச் சோறு. நான் கூப்பிடணும், அவரு சாப்பிடணும். அம்புட்டுதான் வேலை. ஒரு நாள் முழுக்க இருக்கு. இதுக்கு மேல சுலபமா ஒரு வேலை உண்டா?

மாப்பிள்ளை ஸ்டேசன்ல கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. ரயில் வந்துச்சு. அங்க ரயில்ல கதவு தானாத் தொறந்து தானா மூடும். நான் பொண்ணு வீட்டுக்காரன், நான் மொதல்ல ஏற முடியுமா? "ஏறுங்க சம்பந்தி"ன்னேன். அவரு, "வயசுல நீங்க மூத்தவரு, நீங்க ஏறுங்க"ன்னாரு. வயசை எதுக்கு இழுக்கணும்? ஆறு மாசந்தான் வித்தியாசம். "இல்லை, நீங்கதான்." "அதெப்படி, நீங்கதான்." கதவு மூடிருச்சு. உள்ள உக்காந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்ணு கண்ணாடி வழியா எங்களுக்கு டாட்டா காட்டுச்சு.

அடுத்த ரயிலுக்கு நான் ஒரு ஏற்பாடு பண்ணேன். அவரு ஒரு கதவு, நான் ஒரு கதவு. ஒரே நேரத்துல ஏறிட்டோம். மூளை இருக்கணும் சார் எதுக்கும்.

இறங்கின ஊரு பேரு வாயில நுழையலை. ஆனா ஊருன்னா அது ஊருங்க. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. ஆட்டுக்குட்டியெல்லாம் துவைச்சுக் காயப் போட்ட மாதிரி சுத்தமா நிக்குது. வேலி பூராம் கறுப்பா ஒரு பழம், பறிச்சுத் தின்னுக்கிட்டே போகலாம், யாரும் ஏன்னு கேக்கலை. ஒரு ஓடை போகுது, கூழாங்கல்லு தெரியுது. கரையில ஒரு மோட்டார் கிடையாது! என் கை பரபரங்குது. ஒரு அஞ்சு எச்பி போட்டா அந்தக் குன்று பூராம் வாழை வைக்கலாம். சம்பந்திகிட்ட சொல்லலாம்னு திரும்பினா, அவரு ஒவ்வொரு போர்டா நின்னு சத்தமா வாசிச்சுக்கிட்டு இருக்காரு. "நாய்களைக் கயிற்றில் கட்டி அழைத்துச் செல்லவும்." யாருக்கு வாசிக்கிறாருன்னு தெரியலை. எனக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

வயக்காட்டு நடுவுல போற பாதையில ஒரு இரும்புக் கேட்டு. மாடு தாண்டக் கூடாதுன்னு ஒரு மாதிரியாப் பண்ணி வச்சிருக்கான். ஒரு ஆளு கூண்டு மாதிரி இருக்கிறதுக்குள்ள போயி, ஒதுங்கி நின்னு, கேட்டை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போகணும். ரெண்டு பேரு சேந்து போகவே முடியாது. இதுல ரெண்டு கதவும் கிடையாது, நான் ரயில்ல பண்ண ஏற்பாட்டையும் பண்ண முடியாது.

"போங்க சம்பந்தி."

"நீங்க போங்க."

பின்னால கைத்தடி ஊனிக்கிட்டு வெள்ளைக்காரப் பெரியவங்க கூட்டம் ஒண்ணு வந்துச்சு. நீங்க போங்கன்னு வழி விட்டோம். அவங்க, இல்லை இல்லை, நீங்க மொதல்ல வந்தீங்க, நீங்க போங்கங்கிறாங்க. அப்பத்தான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சது சார், வெள்ளைக்காரனும் நம்ம மாதிரிதான். நாங்க வணங்க, அவங்க சிரிக்க, நாங்க கை காட்ட, அவங்க கை காட்ட, மழை தூற ஆரம்பிச்சிருச்சு. ஒரு ஆளும் அசையலை. கடைசியில அவங்க கூட்டத்து நாய் ஒண்ணு சடாருன்னு உள்ள புகுந்து போயிருச்சு. நாயைப் பிடிக்க ஒரு அம்மா போச்சு. அந்த அம்மாவைத் தனியா விடக் கூடாதுன்னு அவங்க வீட்டுக்காரரு போனாரு. அப்படித்தான் அந்தக் கேட்டுக்கு விடிவு வந்துச்சு.

இதுக்குள்ள பசி. பசின்னா சாதாரணப் பசி இல்லை. டப்பா என் பையில இருக்கு, மூடியைத் தாண்டிப் புளிச்சோத்து வாசம் வருது. கூப்பிட்டிருக்கலாமேன்னு பாக்குறீங்க. கூப்பிட்டேன் சார்! "ஒரு நல்ல இடமாப் பாத்து உக்காரலாமா சம்பந்தி?"ன்னேன். இதுக்கு மேல எப்படிக் கூப்பிடுவாங்க? அவரு, "உக்காரலாமே"ன்னு பெஞ்சுல உக்காந்து கண்ணாடியைத் துடைச்சாரு. சோத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரலை. அவரா கேக்கட்டும்னு நான் இருந்தேன். நானா எடுத்து வைக்கட்டும்னு அவரு இருந்தாரு போல. மழை வலுத்துச்சு, எந்திரிச்சு ஓடினோம்.

ஒரு பழைய கல் கோயில், மாதா கோயில்தான், பக்கத்துல ஒரு சின்ன மண்டபம், கதவு தொறந்து கிடந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா விருந்து. நீள மேசை, ரொட்டி, கேக்கு, ஒரு பெரிய கெண்டியில டீ. நாப்பது அம்பது பேரு மெதுவாப் பேசிக்கிட்டு நிக்கிறாங்க. ஒதுங்கி நின்னுட்டுப் போலாம்னுதான் நான் நினைச்சேன். கறுப்புக் கவுன் போட்ட ஒரு வயசான அம்மா எங்களைப் பாத்துருச்சு. நேரா வந்துச்சு. என் சம்பந்தியோட ரெண்டு கையையும் பிடிச்சிருச்சு.

"இந்தியாவுல இருந்தா வந்தீங்க? ஆர்தருக்காகவா?"

எனக்கு இங்கிலீஷ் கேட்டாப் புரியும், பேசத்தான் வராது. சம்பந்திக்குப் பேச வரும், கேட்டாத்தான் புரியாது. ஆனா ஹெட்மாஸ்டரு புரியலைன்னு சொல்லுவாரா? "யெஸ் மேடம், ஃப்ரம் இந்தியா"ன்னாரு. அந்த அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆர்தருங்கிறது வீட்டுக்காரராம், அந்தக் காலத்துல அசாம் தேயிலைத் தோட்டத்துல இருந்தாராம். கையை விடாமக் கூட்டிட்டுப் போயி, தட்டை அவரு கையில குடுத்து, ஒரு துண்டு கேக்கை அதுவே எடுத்து வச்சு, "நீங்கதான் மொதல்ல சாப்பிடணும்"னுச்சு.

சாப்பிட்டாரு சார்.

மூணு வருசமா என் வீட்டுல தண்ணி குடிக்காத மனுசன், முன்ன பின்ன தெரியாத பொம்பளை கையைப் பிடிச்சுக் கூப்பிட்டதும், ஒரு துண்டு, ரெண்டு துண்டு, மேல தூவியிருந்த சர்க்கரையை விரலால ஒத்தி எடுத்துக்கூட. என்னை யாரும் கூப்பிடலை. தட்டு அடுக்கி வச்சிருந்தாங்க, எடுத்துக்கச் சொல்லிக் கைகூடக் காட்டினாங்க. கை காட்டினா ஆச்சா? கூப்பிடாத இடத்துல கை நீட்டுற பழக்கம் எனக்கு இல்லை.

பெறகு அந்த அம்மா, ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு அவரைக் கூப்பிட்டு நிறுத்துச்சு. வாத்தியாருகிட்ட பேசச் சொல்லலாமா? மேசை மேல ஆர்தரு போட்டோ, சிரிச்ச முகம், சுத்திப் பூ. பணி நிறைவு விழான்னு இவரு முடிவு பண்ணிட்டாரு. எத்தனை வாத்தியாருக்கு இந்தப் பேச்சைப் பேசியிருப்பாரு! தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு. "மிஸ்டர் ஆர்தர் கடமையை முடித்துவிட்டார். ஆனால் ஓய்வு என்பது முடிவல்ல. இனிதான் அவருக்கு வாழ்க்கையே ஆரம்பம். காலையில் சீக்கிரம் எழ வேண்டியதில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு நூறாண்டு வாழ வேண்டும். அடுத்த தடவை வரும்போது அவரை நேரில் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்."

மண்டபத்துல எல்லாரும் இவரையே பாத்தாங்க. அப்பறம் ஒரு தாத்தா மூக்கைச் சிந்தினாரு. அந்த அம்மா ஓடியாந்து இவரைக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. நம்ம ஊரு மறுபிறவி நம்பிக்கைன்னு எடுத்துக்கிட்டாங்க போல. பாவம், நல்ல சனம்.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சு. எல்லாருமே கறுப்புத் துணி. போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு அட்டை, ஆர்தரு பேருக்குக் கீழ பிறந்த வருசம் இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு தேதியும் இருக்கு. சம்பந்தி மூணாவது கேக்கை வாயில வைக்கும்போது காதுல சொன்னேன். இன்னும் கொஞ்சம் முன்னாலயே சொல்லியிருக்கலாம். ஆனா அவரு முழுங்கட்டும்னு எனக்கு ஒரு இது.

"சம்பந்தி, இது சாவு வீடு."

அவரு முகத்தை நீங்க பாத்திருக்கணும். வெளிய வந்ததும் அவரு சொன்ன மொத வார்த்தை, "பச்சப்புள்ள"ன்னாரு. எனக்கும் அதான் நெஞ்சுல அடிச்சது. துக்க வீட்டுக்குள்ள நின்னாச்சு, இவரு சாப்பிட்டே ஆச்சு. குளிக்காம எப்படி அந்தப் பிஞ்சு இருக்கிற வீட்டுப் படியேறுறது? நாளைக்குப் பேர் வைக்கணும். வீட்டுக்குப் போயிக் குளிக்கலாம்னா, குளியல் ரூம் மாடியில, பிள்ளையத் தாண்டித்தான் போகணும். நேரா ஓடையப் பாத்து நடந்தோம். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதான்.

பேண்ட்டு, ஸ்வெட்டரு, குரங்குக் குல்லா எல்லாத்தையும் கழட்டி வேலியில போட்டோம். மழை விட்டிருந்துச்சு. தண்ணியில கால் விரலை வச்சேன். அய்யோ சார்! நம்ம ஊரு ஐஸ் பெட்டியெல்லாம் அதுக்குப் பக்கத்துல அடுப்பு.

"இறங்குங்க சம்பந்தி"ன்னேன்.

"நீங்க இறங்குங்க"ன்னாரு.

நான் மரியாதைக்குத்தான் சொன்னேன், குளிருக்குப் பயந்து இல்லை. அவருதான் நடுங்கிக்கிட்டு நின்னாரு. அந்த நேரம் பாத்து வெள்ளையா ஒரு பெரிய பறவை, அன்னந்தான், கழுத்தை நீட்டிக்கிட்டுப் புஸ்ஸுன்னு இவரு மேல வந்துச்சு. இவரு ஒரு எட்டுப் பின்னால வச்சாரு. பாசிக் கல்லு. மடார்னு மல்லாக்க விழுந்து, தலை உள்ள போயிருச்சு.

இடுப்பளவு தண்ணிதான். ஆனா ஓடுற தண்ணி, அவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு கை மேல வந்துச்சு, போச்சு. எனக்கு ஒண்ணும் ஓடலை சார். குதிச்சிட்டேன். பிடிக்கிறதுக்கு மண்டையில முடி இல்லை, உடம்புல சட்டை இல்லை. கைக்குக் கிடைச்சது அரைஞாண் கயிறு. அதைக் கெட்டியாப் பிடிச்சு, கிணத்துல இருந்து மோட்டாரைத் தூக்குற மாதிரித் தூக்கினேன். நல்ல வேளை, அது முறுக்குக் கயிறு.

"யோவ் வாத்தியாரே! எந்திரிய்யா! பேரனுக்குப் பேர் வைக்காமச் சாகப் போறியா? உன் மகனுக்கு நான் என்னய்யா பதில் சொல்லுவேன்? எந்திரிச்சுத் தொலைய்யா!"

மூணு வருசத்துக்கும் சேத்து வந்துச்சு. என்னென்ன சொன்னேன்னு எனக்கே தெரியலை. இட்லியப் பத்தியும் சொன்னேன்னு நினைக்கிறேன். இரும்புக் கேட்டுப் பக்கத்துல பாத்த அந்தக் கைத்தடிக் கூட்டம் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. கேட்டைத் தாண்ட மாட்டேன்னவங்க ஜட்டியோட ஓடையில நிக்கிறோம், அவங்க என்ன நினைப்பாங்க? நான் ஒரு கையால கும்பிட்டேன். அவங்க கை தட்டினாங்க.

கரையில உக்கார வச்சு என் துண்டால துடைச்சு விட்டேன். பல்லு தந்தியடிக்குது அவருக்கு. உதடு நீலம். எனக்குப் பயம் வந்துருச்சு சார், பொய் சொல்லலை. டப்பாவைத் தொறந்து அவரு மடியில வச்சேன். "தின்னுத் தொலைய்யா, உடம்பு சூடாகும்!"னு கத்தினேன்.

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. கையை ஓடையில நனைச்சாரு. சாப்பிட ஆரம்பிச்சாரு.

அந்த ஈரத்துல, அந்தக் குளிர்ல, ஜட்டியோட உக்காந்து என் சம்பந்தி என் வீட்டுச் சோத்தைச் சாப்பிடறாரு. என் மக கல்யாணம் அன்னைக்குத்தான் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் மக வாசல்லயே நின்னா. அவரு சொன்னாரு, "உங்கப்பா எனக்குச் சோறு போட்டாரும்மா"ன்னு. என் மக அழுதுட்டா. மறுநாள் ஒரே பந்தியில உக்காந்தோம். பேரனுக்குப் பேர் வச்சோம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது.

அப்பறம் ஏன் உசிலம்பட்டியில இறங்கலைன்னு கேக்குறீங்க.

டப்பாவைக் காலி பண்ணாரு சார். முழுசா. வழிச்சு. அப்பறம், "புளி கொஞ்சம் தூக்கல்"னாரு. நானும் காலையில இருந்து பட்டினி. ஒரு வார்த்தை, "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? வரலை. ஊருக்கு வந்து மாசம் ரெண்டாச்சு. இன்னைக்கு அவரு வீட்டுல விருந்து. எனக்குத்தான். என் வீட்டுக்காரி காலையிலயே போயி அங்க சம்பந்தியம்மாவோட சேந்து கறி ஆக்கிக்கிட்டு இருக்கா. ஆனா அவரு போன்லதான் கூப்பிட்டாரு. நேர்ல வந்து கூப்பிடலை. போன்ல சொன்னா அழைப்பா சார்? மரியாதைக்காகச் சொல்லலை, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அவரு மூணு வருசம் எடுத்துக்கிட்டாரு. நானும் எடுத்துக்குறேன்.

உசிலம்பட்டி வந்துருச்சு. இருங்க, போன் அடிக்குது. அவருதான். அடிக்கட்டும்.

பாருங்க, மறுபடியும். காலையில இருந்து இது நாலாவது தடவை. எடுக்க மாட்டேன். மனுசனுக்கு ஒரு பிடிவாதம் வேணும்.

நின்னுருச்சு.

பஸ்ஸு இங்க கொஞ்ச நேரம் நிக்கும்ல சார்? டீக் குடிக்கப் போவாங்கள்ல? சரி. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்னா இறங்கிருவேன். ஒரு தடவை போதும். பையைக் கூட மடியிலதான் வச்சிருக்கேன்.

டிரைவர் ஏறிட்டாரா? அதுக்குள்ளயா?

சார், தப்பா நினைக்காதீங்க. உங்க போன்ல இருந்து என் நம்பருக்கு ஒரு அடி அடிச்சுப் பாருங்களேன். சீமை மழையில நனைஞ்சது, ஒருவேளை என் போன் கெட்டுப் போயிருந்தாலும் போயிருக்கும். சொல்றேன், போடுங்க.

அடிக்குது. நல்லாத்தான் இருக்கு.